விளைபொருள் காத்த கட்டடங்களும் பொது நிதியும்: திருப்பாலைத்துறைக் களஞ்சியம் முதல் இராயபுரம் இரயில் நிலையம் வரை

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் விளைபொருளைச் சேமிக்கவும் இடம் மாற்றவும் எழுந்த பழங்கட்டடங்களைப் பழுதுபார்க்கப் பொது நிதி எந்த வழிகளில் வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தஞ்சை வட்டாரத்தின் திருப்பாலைத்துறை நெற்களஞ்சியமும் வடசென்னையின் இராயபுரம் இரயில் நிலையமும் முதன்மைச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழ்நாட்டில் தொன்மைக்கான நிதியும் சேமிப்பிற்கான நிதியும் வெவ்வேறு துறைகளின் கணக்குகளில் உள்ளன. தொன்மையும் பயன்பாடும் ஒருங்கே உடைய கட்டடம் இவ்விரண்டிற்கும் இடையில் விடுபடுகிறது. இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இவ்விடைவெளியை நிரப்ப மேற்கொள்ளப்பட்ட முறைகள் ஒப்புநோக்கப்பட்டு, வடசென்னை வளர்ச்சித் திட்டக் காலத்தில் அவற்றின் பொருத்தம் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: களஞ்சியம், கொட்டாரம், வடசென்னை, இராயபுரம், தொல்லியல் சட்டம், பழுதுபார்ப்பு மானியம், பணிக்கட்டடம்

முன்னுரை

மரபுக் கட்டடம் என்றவுடன் கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவை நினைவிற்கு வருவது இயல்பு. பாதுகாப்புச் சட்டங்களும் பெரும்பாலும் இவற்றை மனத்திற்கொண்டே இயற்றப்பட்டன. ஆயினும் கோயிலுக்கும் கோட்டைக்கும் வேண்டிய நெல்லைக் காத்த களஞ்சியம், உப்பைக் காத்த கொட்டாரம், இரண்டையும் ஏற்றிச் சென்ற கால்வாய்த் துறை, இரயில் நிலையம் ஆகியனவும் வரலாற்றின் பகுதிகளே. உழைப்பின் பொருட்டு எழுந்த இத்தகைய கட்டடங்கள் இக்கட்டுரையில் ‘பணிக்கட்டடங்கள்’ எனக் குறிக்கப்படுகின்றன.

மேலை நாடுகளில் பழைய பண்ணைக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்கெனத் தனியே பொது நிதி ஒதுக்கும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் அப்பெயரில் ஒரு திட்டம் வேரூன்றவில்லை. எனினும் பணிக்கட்டடங்களுள் சில பொதுப் பணத்தால் காக்கப்பட்டுள்ளன. அவை எக்காரணத்தால் காக்கப்பட்டன, ஏனையவை எக்காரணத்தால் விடுபட்டன என்பதே இங்கு எழும் வினா. துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த வடசென்னையில் இன்று பெருமளவில் அரசு நிதி செலவிடப்பட்டு வருவதால், இவ்வினா காலத்தோடு ஒட்டியதாகிறது.

1. களஞ்சியமும் கொட்டாரமும்

விளைந்த நெல்லைக் காக்கும் அமைப்புகளுக்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. மண் உறைகளை அடுக்கி அமைப்பது குதிர். வீட்டினுள் பலகையால் செய்து வைப்பது பத்தாயம். களத்தில் வைக்கோற்புரியால் சுற்றிக் கட்டுவது சேர். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நிலையாக எழுப்புவது களஞ்சியம். தொண்டை நாட்டு மன்னன் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, மருதநிலத்து இல்லங்களில் ஏணியும் எட்டாத உயரமுடைய நெற்கூடுகள் நின்றதையும், அவை உச்சி வழியாகத் திறந்து நிரப்பப்பட்டதையும் குறிப்பிடுகிறது. மேலிருந்து நிரப்பும் இம்முறை பிற்காலக் களஞ்சியங்களுக்கு மிக முன்னதாகவே வழக்கில் இருந்தமை இதனால் புலனாகும்.

நிலையான களஞ்சியத்திற்கு எடுத்துக்காட்டாகத் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் உள்ள பாலைவனநாதர் கோயில் களஞ்சியத்தைக் கூறலாம். 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தைச் சேர்ந்த இக்கட்டடம் வட்டத் தரையமைப்பும் குவிந்த முகடும் கொண்டது. ஏறத்தாழ 36 அடி உயரமுடைய இதில் 3,000 கலம் நெல்லைச் சேமிக்க இயலும். ஒரு கலம் 12 மரக்கால் எனும் பழைய அளவையில் கணக்கிட்டால் இது 36,000 மரக்கால் ஆகும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இதனைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. திருவரங்கத்திலும் வட்ட வடிவ நெற்களஞ்சியங்கள் உள்ளன. அங்கு அவை கொட்டாரம் எனப்படுகின்றன.

கொட்டாரம் என்னும் இச்சொல் வடசென்னையிலும் ஒரு தடத்தை விட்டுச் சென்றுள்ளது. பேசின் பாலத்தை அடுத்துள்ள இரயில்வே சரக்கு முனையம் ‘சால்ட் கொட்டார்ஸ்’ என வழங்குகிறது. முற்பாதி உப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்; பிற்பாதி கொட்டாரத்தின் ஆங்கிலத் திரிபாகக் கொள்ளப்படுகிறது. காவிரிக் கரையில் நெல்லுக்கு வழங்கிய சொல் சென்னையில் உப்புக் கிடங்கிற்கு ஆகிவந்துள்ளது. இன்று அவ்வுப்புக் கிடங்குகள் வழக்கொழிந்து, பெயர் மட்டும் சரக்கு முனையத்தின்மேல் தங்கியுள்ளது.

2. வடசென்னை: விளைபொருள் கடந்து சென்ற வழி

திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் ஆகிய பகுதிகள் இன்று துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, வாகன உற்பத்தி ஆகியவற்றால் அறியப்படுகின்றன. ஆனால் இந்நிலப்பரப்பின் பழைய தொழில்கள் உப்பு விளைவித்தல், நெசவு, மீன்பிடித்தல், தானிய வணிகம் ஆகியனவே. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடமே காலெட் பேட்டை. அது மக்கள் வழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று.

சென்னை மாகாணத்தில் உப்பு வணிகம் 1805-இல் அரசின் ஏகபோகமாக்கப்பட்டது. அதை ஒட்டிய காலத்தில், 1806-இல், சென்னையையும் எண்ணூரையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாய் உப்பையும் விறகையும் தானியத்தையும் நகருக்குக் கொண்டுவந்தது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கப்பட்டு, 1876-78 பெரும்பஞ்சக் காலத்தில் நிவாரணப் பணியாக நகரத்தினூடே இணைக்கப்பட்டபின், 1878-இல் அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது.

கால்வாயை அடுத்து இருப்புப்பாதை வந்தது. இராயபுரம் இரயில் நிலையத்தை 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். 1856 ஜூலை 1 முதல் இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையே பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. இதுவே தென்னிந்தியாவின் முதல் இரயில் சேவை. 1853-இல் பம்பாயிலும் 1854-இல் ஹௌராவிலும் சேவை தொடங்கியிருப்பினும், அவ்விடங்களின் முதற் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகையால் இராயபுரம் இந்தியத் துணைக்கண்டத்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய இரயில் நிலையக் கட்டடமாகக் கருதப்படுகிறது.

இந்நிலையத்தைப் பயணிகளின் வரலாற்றோடு மட்டும் நிறுத்திவிட இயலாது. ஆர்க்காட்டு வட்டாரத்தின் விளைபொருள் கடற்கரை நோக்கி வந்த முதல் இருப்புப்பாதையின் முனை இதுவே. 1876-78 பஞ்சத்தின்போது கப்பலில் வந்திறங்கிய தானியம் சென்னைக் கடற்கரையில் மூட்டைகளாகக் குவிக்கப்பட்டதும், அங்கிருந்து இரயில் வழியாக உள்மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டதும் அக்காலப் பதிவுகளிலிருந்து தெரியவருகின்றன. இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியாகத் தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரமும் இதே இராயபுரப் பகுதியில்தான் உள்ளது. எனவே களஞ்சியம், கால்வாய், இரயில் நிலையம், துறைமுகம், கஞ்சித்தொட்டி ஆகியவற்றை ஒரே உணவுச் சங்கிலியின் கண்ணிகளாகக் காண்பது பொருந்தும்.

3. பழுதுபார்ப்புச் செலவின் இயல்பு

நிதி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அறிய, இக்கட்டடங்கள் எவ்வாறு பழுதடைகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். பழைய செங்கற்சுவர் சுண்ணாம்புச் சாந்தால் ஆனது. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளிவிடும் தன்மையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் சுவரினுள் அடைபடும். கடற்கரைப் பகுதியில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்கிறது. நீர் வற்றும்போது உப்பு படிகமாகி விரிவதால் செங்கல் பொடிந்து உதிர்கிறது. குறைந்த செலவில் விரைந்து செய்த சிமெண்ட் பூச்சு, சில ஆண்டுகளில் கூடுதல் சேதத்தை விளைவிப்பது இவ்வாறே.

கூரையின் நிலையும் இத்தகையதே. தேக்குச் சட்டங்களின்மேல் சிறிய செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பதித்து அமைக்கும் ‘மெட்ராஸ் தளம்’ பழைய சென்னைக் கட்டடங்களில் பரவலாக உள்ளது. மழைநீர்த் தூம்பு அடைபட்டுத் தளத்தில் நீர் தேங்கினால் சட்டத்தின் முனை இற்றுப்போகும். விரிசலில் முளைக்கும் அரச, ஆலங்கன்றுகளின் வேர்கள் சுவரைப் பிளக்கும். தூம்பைத் துப்புரவாக்குவதும் கன்றைக் களைவதும் ஆண்டுதோறும் சிறு செலவில் முடியக்கூடிய வேலைகள். அவற்றைப் புறக்கணித்தபின் தளத்தையே மாற்றுவது பெருஞ்செலவு.

அதாவது பணிக்கட்டடத்திற்கு வேண்டுவது, சிறிதாயினும் தொடர்ந்து கிடைக்கும் தொகை. அரசின் வரவுசெலவு முறையோ இதற்கு மாறாக இயங்குகிறது. புதிய கட்டுமானமும் பெரிய சீரமைப்பும் மூலதனச் செலவாகத் திட்டத்தில் இடம்பெறும். அடிக்கல்லும் திறப்பு விழாவும் உண்டு. வழக்கமான பராமரிப்பு வருவாய்ச் செலவில் சேரும். சிக்கன நடவடிக்கை வரும்போது முதலில் குறைக்கப்படுவதும் அதுவே. பழைய கட்டடங்கள் இடிந்துவிழும் நிலையை எட்டியபின்னரே நிதியின் பார்வைக்கு வருவதற்கு இக்கணக்கு முறையும் ஒரு காரணம்.

செலவின் பெரும்பகுதி கைவினைஞரின் கூலியாகச் செல்வதும் குறிப்பிடத்தக்கது. சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பக்குவப்படுத்தும் வேலைக்குக் காலமும் தேர்ந்த கையும் வேண்டும். வேலை தொடர்ந்து கிடைக்காதபோது அத்தேர்ச்சியும் மறைகிறது. ஒரு கட்டடத்தைச் சீரமைக்கும் நிதி ஒரு தொழிலறிவையும் காக்கிறது.

4. நிதியின் இரு கணக்குகள்

தமிழ்நாட்டில் பணிக்கட்டடம் ஒன்றிற்குப் பொது நிதி கிடைக்கக்கூடிய வழிகளை இரண்டாகப் பகுக்கலாம். ஒன்று தொன்மையின் கணக்கு. மற்றொன்று சேமிப்பின் கணக்கு.

தொன்மையின் கணக்கில் 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொன்மை நினைவுச்சின்னங்கள் சட்டமும் அடிப்படையானவை. மத்தியச் சட்டப்படி ஒரு கட்டடம் குறைந்தது 100 ஆண்டுகள் பழமையுடையதாயின் தொன்மையானதாகக் கருதப்படும். பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டால் அதன் பராமரிப்பு தொல்லியல் துறையின் பொறுப்பில் வரும். திருப்பாலைத்துறைக் களஞ்சியம் இவ்வழியில் காக்கப்பட்டது. அது கோயில் வளாகத்தைச் சார்ந்தது, அரச மரபு ஒன்றோடு பெயர் இணைந்தது என்பன அதன் தகுதியை எளிதில் புலப்படுத்தின. ஊர்ப்புறத்து மிராசுதார் வீட்டுக் களஞ்சியத்திற்கோ ஒரு சிற்றூரின் பொதுப் பத்தாயத்திற்கோ அத்தகைய அடையாளம் இல்லை.

சென்னை நகரத்திற்கு மற்றொரு படிநிலை உண்டு. அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2010-இல் வழங்கிய தீர்ப்பை அடுத்து, நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் கண்ட 467 கட்டடங்கள் கவனத்திற்கு வந்தன; சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் மரபுப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. மாநில அளவில் 2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. இவ்வேற்பாடுகள் இடிப்பதைத் தடுக்கும் ஆற்றலுடையவை. ஆனால் பட்டியலில் இடம்பெற்றதனாலேயே உரிமையாளருக்குப் பழுதுபார்ப்பு மானியம் கிடைத்துவிடுவதில்லை. கட்டுப்பாடு உடனே வருகிறது; உதவி அதனோடு வருவதில்லை. தம் கட்டடம் பட்டியலில் சேர்வதை உரிமையாளர்கள் அஞ்சுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

சேமிப்பின் கணக்கு வேளாண் துறையைச் சார்ந்தது. 2001-இல் தொடங்கப்பட்ட ஊரகக் கிடங்குத் திட்டம், ஊர்ப்புறங்களில் கிடங்கு கட்டவும் புதுப்பிக்கவும் மூலதன மானியம் அளித்தது. 2020-இல் அறிவிக்கப்பட்ட வேளாண் உட்கட்டமைப்பு நிதி, 1 இலட்சம் கோடி ரூபாய் அளவிலான கடன் வசதியாகும். 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டிற்கு 3 விழுக்காடு வட்டிக் குறைப்பு உண்டு. இத்தகைய திட்டங்கள் கொள்ளளவு, அறிவியல் முறைச் சேமிப்பு, வருவாய் ஆகியவற்றைக் கணக்கிடுகின்றன. கட்டடத்தின் வயதும் கட்டுமான முறையும் அவற்றின் அளவுகோல்கள் அல்ல.

இதனைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் விளக்கலாம். பழைய களஞ்சியம் ஒன்றைச் சுண்ணாம்பு முறையில் சீரமைக்க 10 இலட்சம் ரூபாய் ஆகும் எனக் கொள்வோம். அத்தொகையைக் கடனாகப் பெற்றால் வட்டிக் குறைப்பினால் முதலாண்டில் உழவருக்கு மிஞ்சுவது 30,000 ரூபாய். அசலையும் எஞ்சிய வட்டியையும் கட்டடமே ஈட்டித் தர வேண்டும். அதே தொகையில் இரும்புத் தகட்டுக் கூரையுடன் புதிய கிடங்கு எழுப்பினால் கொள்ளளவும் வாடகையும் கூடும். கடன் கணக்கின்படி உழவர் எடுக்கும் முடிவு, பழையதைக் கைவிட்டுப் புதியதை எழுப்புவதாகவே இருக்கும். அவருக்கு மரபின்மீது பற்றில்லை என்று இதனால் முடிவுசெய்ய இயலாது. நிதியின் அமைப்பே அவரை அம்முடிவிற்குச் செலுத்துகிறது.

இவ்விரு கணக்குகளுக்கும் அப்பால், 1996-இல் நிறுவப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியம் நன்கொடைகளைப் பெற்று மரபுச் சின்னங்களுக்குச் செலவிடுகிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களைச் சீரமைப்பதையும் நிறுவனச் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கிறது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் பெருநிறுவனங்கள் பல இயங்குவதால் வடசென்னைக்கு இவ்வழி புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்த நிதி, பெயர்பெற்ற கட்டடத்தையே முதலில் நாடும்.

5. இராயபுரம் காக்கப்பட்ட காரணங்கள்

நெடுங்காலம் கவனிப்பின்றிக் கிடந்த இராயபுரம் நிலையக் கட்டடம் தென்னக இரயில்வேயால் சீரமைக்கப்பட்டு, 2005 அக்டோபர் 2 அன்று அன்றைய இரயில்வே இணை அமைச்சர் ஆர்.வேலுவால் திறந்துவைக்கப்பட்டது. இச்சீரமைப்பு நிகழ மூன்று காரணங்கள் துணைநின்றன. முதலாவது, உரிமையாளரும் பொதுத்துறை, நிதியுடையவரும் அதே துறை. ஆகவே மானிய விண்ணப்பமோ பங்குத் தொகையோ தேவைப்படவில்லை. இரண்டாவது, கட்டடம் பயன்பாட்டில் இருந்தது. புறநகர் இரயில்கள் இன்றும் இங்கு நின்று செல்கின்றன. மூன்றாவது, ‘எஞ்சியவற்றுள் மிகப் பழையது’ என்னும் சிறப்பு அதற்கு இருந்தது.

இம்மூன்றும் அமையாத கட்டடங்களின் நிலை வேறு. பெரம்பூர்ப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் பருத்தியைத் துணியாக்கிய பெருந்தொழிற்கூடங்கள். 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறு அவ்வாலைத் தொழிலாளரோடு பிரிக்கவியலாதது. 1996-இல் ஆலை மூடப்பட்டபின் அதன் கட்டடங்கள் பயனிழந்தன. பழைய ஆலைத்தோற்றம் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் தொடக்க வரலாற்றோடு இணைந்த இடமாயினும், அதன் உரிமை தனியாரிடமும் வரலாற்று மதிப்பு பொதுமக்களிடமும் இருந்தது. இவ்விரண்டையும் இணைக்கும் நிதி ஏற்பாடு இருக்கவில்லை.

சேப்பாக்கத்து அரண்மனையை இதனோடு ஒப்பிடலாம். அதன் கலச மகால் பகுதி 2012 ஜனவரியில் தீக்கிரையானது. அரசுக்கு உரிய அக்கட்டடத்தைப் பொதுப்பணித்துறை மரபு முறையில் மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு இயங்குகிறது. முற்றிலும் எரிந்த கட்டடத்தையும் மீட்கும் தொழில்திறன் தமிழ்நாட்டில் உண்டு என்பதை இது மெய்ப்பிக்கிறது.

6. பிறநாட்டு ஏற்பாடுகள்

இங்கிலாந்தில் 1980-களின் இறுதி முதல் வேளாண் சுற்றுச்சூழல் திட்டங்களின் பகுதியாகப் பழைய பண்ணைக் கட்டடங்களுக்கு மானியம் அளிக்கப்பட்டு வருகிறது. 2010-களின் இறுதியில் டார்ட்மூர், ஏரி மாவட்டம், நார்தம்பர்லாந்து, பீக் மாவட்டம், யார்க்‌ஷயர் டேல்ஸ் ஆகிய ஐந்து தேசியப் பூங்காக்களில் முன்னோட்டமாக நடைபெற்ற திட்டம், தகுதியான பணிச் செலவில் 80 விழுக்காடு வரை வழங்கியது. வைக்கோலும் கால்நடையும் இருந்த கற்கொட்டில்கள் பெரிய எந்திரங்களுக்குப் பயன்படாதவை. எனவே உழவருக்கு அவற்றால் வருவாய் இல்லை. ஆனால் அந்நிலத்தோற்றத்தின் அடையாளம் அவையே. வருவாய் தராத பொதுநலனுக்குப் பொது நிதி ஈடுசெய்ய வேண்டும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. கொட்டிலை விடுதியாகவோ வீடாகவோ மாற்றுவது அதன் நோக்கமன்று.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் 1992 முதல் பழைய தானியக் கொட்டில்களுக்குப் பங்குத்தொகை முறையில் சிறு மானியங்கள் வழங்குகிறது. உரிமையாளரும் தம் பங்கைச் செலுத்த வேண்டும். நியூயார்க் மாநிலம் 1936-க்கு முந்தைய கொட்டில்களின் சீரமைப்புச் செலவில் 25 விழுக்காட்டை வரிக்கழிவாகத் தந்தது. இவற்றுக்கு மாறாக, அந்நாட்டு மத்திய அரசு 2002-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் கொட்டில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைச் சேர்த்தது. ஆனால் நிதி ஒதுக்கவில்லை. திட்டம் ஏட்டளவில் நின்றது. ஒதுக்கீடு இல்லாத சட்டம் கட்டடத்தைக் காப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

இவ்வேற்பாடுகளில் பொதுவாகக் காணப்படுவது ஒன்று உண்டு. கட்டடத்தை யார் கட்டினார், யாருக்கு உரியது என்னும் வினாக்களைவிட, அது என்ன பணி செய்தது, அதன் உருவம் எஞ்சியுள்ளதா என்னும் வினாக்களுக்கு அவை முதன்மை தருகின்றன.

7. எழக்கூடிய மறுப்புகள்

தனியார் சொத்தைப் பொதுப் பணத்தால் ஏன் சீரமைக்க வேண்டும் என்பது முதல் மறுப்பு. மானியத்தோடு கடமையை இணைப்பதே இதற்கு விடை. குறிப்பிட்ட ஆண்டுகள் இடிக்காமலும் உருமாற்றாமலும் பராமரித்தல், ஆண்டில் சில நாள்கள் மாணவரும் ஆய்வாளரும் காண அனுமதித்தல், முன்கூட்டியே விற்றால் மானியத்தைத் திருப்பிச் செலுத்துதல் ஆகியவை எழுத்தில் இருப்பின், பொதுப் பணம் பொதுநலனையே வாங்குகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. குடிநீர், வீடு, தூய காற்று ஆகியவற்றுக்கே போராடும் வடசென்னையில் பழங்கட்டடத்திற்குச் செலவிடுவது முறையாகுமா? 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய்ப் படலம் மீனவர் வாழ்வை எவ்வாறு முடக்கியது என்பதை எவரும் மறந்திருக்க இயலாது. இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் ஆகாது. அடிப்படைத் தேவைக்குரிய தொகையை எடுத்துக் கட்டடத்திற்குத் தருவது ஏற்கத்தக்கதன்று. ஆனால் நூலகம், படிப்பகம், பயிற்சிக்கூடம், மருந்தகம் போன்றவற்றுக்கு எப்படியும் கட்டடம் வேண்டும். அங்குள்ள பழைய கட்டடம் அதற்குத் தகுமா என முதலில் ஆராய்வது கூடுதல் செலவைக் கோருவதாகாது. மேலும், கோயிலின் கொடைகளுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அரசின் செயல்களுக்கு ஆவணக் காப்பகம் உண்டு. மூட்டை சுமந்தோர், உப்பளத்தில் உழைத்தோர், தறி நெய்தோர் ஆகியோர் குறித்துப் பொதுவெளியில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர்கள் பணிசெய்த இடங்களே. அவையும் மறைந்தபின் அவர்தம் வரலாற்றைச் சுட்டிக்காட்ட இடமிராது.

8. வடசென்னைக்குப் பொருந்தும் வழி

2023-24 நிதிநிலை அறிக்கையில் மூன்றாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் 4,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்டதாக விரிவுபெற்றுத் தொடங்கப்பட்டது. பள்ளிகள், பேருந்து நிலையங்கள், ‘முதல்வர் படைப்பகம்’ எனும் படிப்பு மையங்கள் முதலியன இதில் அடங்கும். புதிய கட்டுமானம் விரைந்து நடைபெறும் காலமே பழைய கட்டடங்களுக்கு இடர்மிகுந்த காலம். அதுவே அவற்றைக் காக்க ஏற்ற காலமும் ஆகும்.

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து நான்கு நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, பணிக்கட்டடங்களுக்கெனத் தனிப் பட்டியல். உப்பு, நெசவு, தானியம், மீன், இரயில், துறைமுகம் எனத் தொழில்வாரியாக அது அமைய வேண்டும். இரண்டாவது, பெருந்தொகையை ஒருமுறை வழங்குவதோடு, தூம்பு, கூரை, சுவர் ஆகியவற்றின் ஆண்டுப் பராமரிப்புக்கெனச் சிறு தொகையைத் தொடர்ந்து ஒதுக்குதல். மூன்றாவது, சுண்ணாம்பு வேலைக்குரிய உண்மையான கூலியையும் காலத்தையும் ஏற்கும் மதிப்பீட்டு விகிதம். நான்காவது, வேளாண், தொல்லியல், நகர்வளர்ச்சித் துறைகளின் பங்கை ஒரே விண்ணப்பத்தில் இணைத்தல். இந்நான்காவது நெறி ஊர்ப்புறத்துக் களஞ்சியத்திற்கும் பொருந்தும். இன்னும் நெல் கொட்டிவைக்கப்படும் பழைய களஞ்சியம், தொன்மைக்காக ஒரு பங்கும் சேமிப்பிற்காக ஒரு பங்கும் பெறத் தகுதியுடையது.

முடிவுரை

திருப்பாலைத்துறைக் களஞ்சியம் தொன்மையின் பெயரால் காக்கப்பட்டது. இராயபுரம் நிலையம் உரிமையாளரான துறையின் முயற்சியால் காக்கப்பட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை விதிவிலக்குகளாக அமைந்தனவே அன்றி, ஒரு கொள்கையின் விளைவுகளாக அமையவில்லை. அரசனோ கோயிலோ பெருந்துறையோ பின்னணியில் இல்லாத பணிக்கட்டடத்திற்குத் தமிழ்நாட்டின் நிதியமைப்பில் இன்னும் இடம் வகுக்கப்படவில்லை. சட்டம் இடிப்பதைத் தடுக்கிறது. கடன்திட்டம் புதியதைக் கட்டத் தூண்டுகிறது. பழையதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவோருக்கு உதவும் ஏற்பாடு இவற்றினிடையே விடுபட்டுள்ளது.

தானியமும் உப்பும் எந்தெந்த இடங்களில் தங்கின, எவ்வழியே சென்றன என்பதைத் தொழில்வாரியாகப் பதிவுசெய்யும் களஆய்வுகள் இதற்கு முன்தேவையாகும். இடப்பெயர், வாய்மொழி வழக்கு, கட்டுமானச் சொற்கள் ஆகியவற்றில் பயிற்சியுடைய தமிழ் ஆய்வாளர்களே அப்பணிக்கு உரியவர்கள். பட்டியல் இல்லாத கட்டடத்திற்கு நிதி கோர இயலாது. அப்பட்டியலை உருவாக்கும் பணி, இருக்கும் கட்டடங்கள் நிற்கும் காலத்திலேயே தொடங்கப்பட வேண்டும்.